காட்டுக்குள் ஒரு ஸ்டூடியோ

(குழு: நம்ம குடும்பம்)

கவின்: ஸ்கூல் மலருக்கு இரண்டாம் உலகப் போர் பற்றி எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கை எடுத்துவிட்டார்கள். வேறு யாராவது சொல்லுங்களேன்.

செல்வி சித்தி: ஃபே ஷுல்மன். சண்டை போட்ட யூதப் பெண். லெனின் என்ற ஊர், அன்றைக்குப் போலந்து, இப்போது பெலாரஸ்.

ராஜி அத்தை: ஊர் பேரே லெனினா?

செல்வி சித்தி: ஆமாம் அக்கா, அந்த லெனினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபே அங்கே போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். 1942 ஆகஸ்ட் 14 அன்று அந்த ஊர் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்த பகுதியில், 1,850 யூதர்களை ஜெர்மன்காரர்கள் கொன்றார்கள். இவருடைய அப்பா, அம்மா, சகோதரிகள், தம்பி எல்லோரும் அதில் போய்விட்டார்கள். சிலரை மட்டும் விட்டுவைத்தார்கள்; படம் எடுக்கத் தெரியும் என்பதால் இவரும் அதில் ஒருவர்.

ராஜி அத்தை: ஐயோ.

செல்வி சித்தி: கொன்றவர்களே ஃபிலிமைக் கொடுத்துக் கழுவச் சொன்னார்கள். கழுவிப் பார்த்தால், பிணக்குழியில் சொந்தக் குடும்பம். தனக்கென்று ஒரு பிரதியை ரகசியமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

முருகன் மாமா: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

கவின்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். சித்தி, அப்புறம்?

செல்வி சித்தி: ஜெர்மன்காரர்களை எதிர்த்த கெரில்லாப் படை ஊரைத் தாக்கியபோது அவர்களோடு காட்டுக்குள் ஓடிவிட்டார். அந்தப் படையில் பெரும்பாலும் தப்பி வந்த சோவியத் போர்க் கைதிகள். அங்கே இவருக்கு நர்ஸ் வேலை. டாக்டர் யார் தெரியுமா? மாட்டு வைத்தியர்! இன்னொரு தாக்குதலில் லெனினுக்கே திரும்பிப் போய்த் தன் கேமரா சாமான்களை மீட்டார். வீட்டை என்ன செய்வது என்று கேட்டபோது, எதிரிக்கு எதற்கு விட வேண்டும், கொளுத்துங்கள் என்றார்.

பாலு பெரியப்பா: காட்டில் ஃபிலிம் கழுவ டார்க் ரூமுக்கு என்ன செய்தாளாம்?

செல்வி சித்தி: கம்பளிப் போர்வைக்குள் புகுந்துகொண்டு கழுவினாராம். பிரிண்ட் வெயிலில்.

பாலு பெரியப்பா: அது சரி. நெகட்டிவைப் பேப்பர் மேல் ஒட்ட வைத்து வெயிலில் காட்டினால் படம் விழும். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வேண்டாம், கரெண்டும் வேண்டாம். ஆனால் நெகட்டிவ் என்ன சைஸோ படமும் அவ்வளவுதான். நேரம் கொஞ்சம் தப்பினால் பேப்பர் கருத்துவிடும். கை தேர்ந்தவள்தான்.

செல்வி சித்தி: அப்படி நூற்றுக்கும் மேல் எடுத்திருக்கிறார். கேமராவை மண்ணில் புதைத்துப் பாதுகாத்தார். இன்னொன்று, யூதர் என்பதைப் படையில் பலரிடம் மறைக்க வேண்டியிருந்தது, அங்கேயும் வெறுப்பு உண்டே. யூதர்கள் சாதாரண ரொட்டி சாப்பிடாத பஸ்கா பண்டிகை நாட்களில் உருளைக்கிழங்கை மட்டும் தின்று, ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

ராஜி அத்தை: எனக்கு அந்த உருளைக்கிழங்குதான் மனதை என்னவோ செய்கிறது.

கவின்: பிழைத்தாரா?

செல்வி சித்தி: 1944 ஜூலை வரை காட்டில். கல்யாணம், அகதி முகாம், 1948-இல் கனடா. டொராண்டோவில் 2021-இல் காலமானார், 101 வயது. கவின், தலைப்பில் 'அப்பாவிப் பெண்' என்றெல்லாம் போடாதே. கையில் துப்பாக்கியும் சிறுத்தைத் தோல் கோட்டுமாக நிற்கும் படம் இருக்கிறது, அதைத் தேடு.

பாலு பெரியப்பா: கிடைத்தால் இங்கேயும் போடு. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.