டோக்கியோ சென்றதும் முதலில் கவனிக்க வேண்டியவை

கேள்வி: பரிமாற்ற மாணவராக ஆறு மாதங்களுக்கு டோக்கியோ செல்லவிருக்கிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும், பகுதிநேர வேலை பார்க்கலாமா என்பதை அங்கே படித்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நரிட்டா, ஹனேடா விமான நிலையங்களிலேயே வசிப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள், தங்குமிடத்தில் குடியேறிய 14 நாள்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, அட்டையின் பின்புறத்தில் அதைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைப்பது குதிரைக்கொம்புதான். அன்றே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட்டால், சிகிச்சைச் செலவில் 30 சதவீதம் மட்டுமே உங்கள் பொறுப்பாகும்.

பதில் 2: வேலைக்குத் தனி அனுமதி பெற வேண்டும், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 28 மணி நேரமே வரம்பு. நீங்கள் சைவமென்றால் எச்சரிக்கையாக இருங்கள், சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில்கூடப் பெரும்பாலும் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். இந்தியர்கள் மிகுதியாக வாழும் நிஷி கசாயில் பருப்பும் மசாலாப் பொருள்களும் கிடைக்கும்.