மூளையதிர்வுக்குப் பிறகு நடை தள்ளாடுது, ஸ்கேன் சரி. ஓய்வா, நடையா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பிக்கு 29 வயது. மோட்டார்சைக்கிளில இருந்து விழுந்து ஒன்பது கிழமை. சீடி ஸ்கேனில இரத்தக்கசிவு இல்லை. தலையிடி நல்லாக் குறைஞ்சிட்டுது, நடைதான் சரிவரேல்லை. காலை அகட்டி, நிலத்தைப் பார்த்தபடி மெதுவா நடக்கிறார். வீட்டு விறாந்தையில பரவாயில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள, புறக்கோட்டைச் சனத்துக்குள்ள, இருட்டில எல்லாம் தள்ளாட்டம். நடக்கேக்க ஏதும் கேட்டால் நின்றுதான் பதில் சொல்லுறார். கால் பலம் சரியாம். தலைச்சுற்றுக்குச் சின்னரிசின் குளிசை மூன்று வேளை, ஐந்து கிழமையாப் போகுது. கறுப்புக் கண்ணாடி, கைத்தடி. இன்னும் ஓய்வு வேணுமா, நடக்க விடலாமா?

பிசியோ_தெகிவளை:
நடக்க விடவேணும், ஆனால் அளந்து. முழு ஓய்வு முதல் 24–48 மணித்தியாலத்துக்குத்தான். நாலு கிழமை தாண்டியும் படுத்திருந்தால் சமநிலை இன்னும் மந்தமாகும்.

உங்கட விபரத்திலேயே பாதி விடை இருக்கு. நிமிர்ந்து நிற்க மூளைக்கு உட்காது, கண், பாதமும் கழுத்தும் என்று மூன்று பக்கத்தாலையும் தகவல் வரவேணும். உட்காதின் தகவலை நம்பாத மூளை கண்ணைப் பிடிச்சுத் தொங்கும். இருட்டில அந்தப் பிடி போகுது. சூப்பர் மார்க்கெட்டில இரண்டு பக்கமும் தட்டுகள் ஓடுறபடியால் கண்ணே பொய் சொல்லுது. நடை தன்பாட்டில ஓடாமல் யோசிச்சு நடக்கிறபடியால்தான் கதைக்கேக்க நிற்கிறார். (மாறி, கதைக்கேக்க நடை நல்லாகினால் அது வேற வகை நடைக்கோளாறு, சிகிச்சையும் வேற.)

முதலில அளவுகோல் ஒன்று. நிலத்தில 3 மீற்றர் நாடா ஒட்டி, குதிக்காலை மற்றக் கால் விரலோட முட்டவைச்சு, போய்த் திரும்பி வரச்சொல்லுங்கோ. ஒராள் பக்கத்தில நிற்கவேணும். விளையாட்டு வீரரில மூளையதிர்வைச் சோதிக்கிற ஸ்கேட்-3 (SCAT3) படிவத்தில 14 செக்கனுக்குள்ள முடிக்கவேணும் என்றிருந்தது. அந்த எண் முக்கியமில்லை, கிழமைக்குக் கிழமை குறையுதா என்று எழுதுங்கோ. பிறகு 100இல இருந்து ஏழு ஏழாய்க் கழிச்சபடி நடக்கவிட்டுப் பாருங்கோ. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரோட்டில அவர் படுகிற பாடு.

பயிற்சி: கைநீட்டுத் தூரத்தில சுவரில ஒரு எழுத்து. கண் அதிலேயே நிற்க, தலையை இடம் வலமாச் சின்னதா ஆட்டவேணும். 30 செக்கன், நாளுக்கு மூன்று தரம், முதலில இருந்தபடி, பிறகு நின்றபடி, கடைசியா நடந்தபடி. எழுத்து மங்கினால் வேகம் கூடிப்போச்சு. தலைச்சுற்று பத்தில இரண்டு புள்ளி வரை ஏறலாம், கால் மணித்தியாலத்தில இறங்கவேணும். ஒன்றுமே ஏறாவிட்டால் பயிற்சி காணாது. பலபேர் சுற்றுது என்று இரண்டாம் நாளே விடுகினம். கொஞ்சம் சுற்றினால்தான் மூளை பழகும்.

மருந்துக்கடை_அக்கா:
அந்தக் குளிசையைக் கேக்காமல் விடமாட்டன். சின்னரிசின் உட்காதின் சமிக்ஞையை அமுக்கும். முதல் சில நாளைக்குச் சரி. மாதக்கணக்கில போட்டால் மூளைக்குப் பழகவேண்டிய தகவலே கிடைக்காது, நித்திரைத் தூக்கமும் வரும். வயது போனவையில நடுக்கம், நடை மந்தம்கூட வரலாம். நீங்களா நிற்பாட்டாதேங்கோ, எழுதித் தந்த டொக்டரிட்டக் கேட்டுக் குறையுங்கோ. கறுப்புக் கண்ணாடி வீட்டுக்குள்ள வேண்டாம், வெளிச்சக்கூச்சம் கூடுமே ஒழியக் குறையாது. தடியில பாரம் போடுறதை விட விரல் நுனியால சுவரைத் தொட்டபடி நடக்கிறது நல்லம்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நன்றி. ஒன்று சொல்ல மறந்திட்டன். கட்டிலில வலப்பக்கம் புரளேக்க அறை சுற்றுதாம், கொஞ்ச நேரத்தில நிற்குதாம்.

பிசியோ_தெகிவளை:
இதை முதலே சொல்லியிருக்க வேணும்! தலையில அடிபட்டால் உட்காதின் சுண்ணாம்புத் துகள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள்ள விழும். தலையை 45 பாகை திருப்பி, கட்டில் விளிம்பில சரிச்சுக் கண் துடிப்பைப் பார்க்கிற டிக்ஸ்-ஹோல்பைக் சோதனையில தெரியும். சில செக்கன் கழிச்சுத் தொடங்கி ஒரு நிமிசத்துக்குள்ள அடங்கும். தலையைப் படிப்படியாத் திருப்புற எப்லி முறையில துகளைத் திருப்பி அனுப்பலாம், ஒவ்வொரு நிலையிலும் 30–60 செக்கன். ஒன்றிரண்டு தரத்திலேயே பலருக்கு நிற்கும். கழுத்தும் அடிபட்டிருக்கலாம், அதால வீட்டில செய்யாமல் ஈ.என்.டி கிளினிக்கில காட்டுங்கோ. மற்றப் பயிற்சி அதுக்குப் பிறகு.

கரையோரம்:
நடைக்கு இடம் பார்க்கிறதென்றால் சுதந்திர சதுக்கத்தில தொடங்குங்கோ: அகலமான பாதை, வாகனம் இல்லை, விடிய ஆறு மணிக்குச் சனமும் குறைவு. வெள்ளவத்தை மரைன் டிரைவ் பிறகு. ஒரு பக்கம் அலை, ரயில், மறுபக்கம் வாகனம், எல்லாம் அசையுது. காலி முகத்திடல் பின்னேரத்தில கடைசி. புறக்கோட்டை அதுக்கும் பிறகு.

அளவு: ஜிம்மில டிரெட்மில் இருந்தால், மேற்பார்வையோட, மணிக்கு 5.2 கி.மீ. வேகத்தில நிமிசத்துக்கு 1 வீதம் சரிவு ஏத்தவேணும். அறிகுறி கூடுற இடத்தில நாடித்துடிப்பைக் குறியுங்கோ. 140 என்றால் அதில 80–90 வீதம், அதாவது 112–126, தினம் 20 நிமிசம். நல்ல நாளில ஒரு மணித்தியாலம் நடந்து அடுத்த மூன்று நாள் படுக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை.

மருந்துக்கடை_அக்கா:
பிரஷரும் பாருங்கோ. ஐந்து நிமிசம் படுத்திட்டு எழும்பி 1ஆம், 3ஆம் நிமிசத்தில. மேல் அளவு 20 இறங்கினால் டொக்டரிட்டச் சொல்லவேணும். தலையிடி நாளுக்கு நாள் கூடுறது, திரும்பத் திரும்பச் சத்தி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, குழறின பேச்சு, எழுப்ப எழும்பாத நித்திரை – இதில ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ. கிழமைகள் கழிச்சும் கசிவு வரலாம், குறிப்பா இரத்தம் உறையாமைக் குளிசை எடுக்கிறவைக்கு. பழைய ஸ்கேனைக் காட்டி ஆறுதல்படாதேங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:
செவ்வாய் ஈ.என்.டிக்குப் போறம். பஸ்ஸிலயா, ஓட்டோவிலயா?

கரையோரம்:
இப்போதைக்கு ஓட்டோ, மெதுவா ஓடச் சொல்லி. போனைப் பார்க்காமல் தூரத்தில ஒரு இடத்தைப் பார்த்தபடி இருக்கவேணும். பஸ் என்றால் முன்பக்க சீட், முழுசா நின்ற பிறகுதான் எழும்பலாம், கொண்டக்டர் என்ன கத்தினாலும்.