மறுமொழி: பலபடியாதல் அளவா, கண்ணியெண்ணா?

அனைவருக்கும் வணக்கம்.

மின்மாற்றிக்குள் இருக்கும் காப்புத்தாள் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்பதைச் சொல்ல, வேலையிடத்தில் நாங்கள் ‘டி.பி.’ (degree of polymerization: தாளின் ஒரு செல்லுலோஸ் சங்கிலியில் சராசரியாக எத்தனை அலகுகள் என்ற எண்ணிக்கை) என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இந்த உரையாடலில் முன்மொழிந்த ‘பலபடியாதல் அளவு’ வேதியியல் பாடத்துக்குச் சரியான சொல்தான். ஆனால் மின்மாற்றிக்குள் எதுவும் பலபடியாவதில்லை, அதாவது சிறு அலகுகள் கோத்து நீண்ட சங்கிலியாவதில்லை. மரத்திலேயே உருவாகி முடிந்த செல்லுலோஸ் சங்கிலி, சூட்டிலும் ஈரத்திலும் ஆக்சிஜனிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுகிறது. நடப்பதற்கு நேர் எதிரானதைச் சொல்லும் பெயர் படிப்பவரைக் குழப்பும்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. மின்மாற்றிக் காப்புக்குப் பயன்படும் மரக்கூழ்த் தாளான கிராஃப்ட் தாள் புதிதாக இருக்கும்போது, ஒரு சங்கிலிக்குச் சராசரியாக 1000 முதல் 1200 அலகுகள். அது 200 ஆகிவிட்டால் தாளின் ஆயுள் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்கும் ‘கண்ணி’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே ‘கண்ணியெண்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

இந்தச் சொல் கணக்கையும் எளிதாக்குகிறது. 1000 கண்ணி கொண்ட சங்கிலி 4 இடத்தில் அறுந்தால் 5 துண்டு, துண்டுக்கு 200 கண்ணி. சரி, 500 ஆகும்போது? அந்த நான்கில் ஒரே அறுப்புதான் நடந்திருக்கிறது. எண் பாதியாகிவிட்டதே, ஆயுளும் பாதி போயிற்று என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அறுபடும் வேகம் மாறாமல் இருந்தால் போனது கால்வாசிதான். உண்மையில் வேகம் மாறும்: தாள் சிதையும்போது நீர் உண்டாகிறது, அந்த நீர் அடுத்த அறுப்பை விரைவுபடுத்துகிறது. ‘பலபடியாதல் அளவு 500’ என்று எழுதினால் இவ்வளவும் மாணவருக்குத் தோன்றுமா?

> கண்ணி என்றால் கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது.

அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் அணு எண், நிறை எண், ஆக்டேன் எண் என்று பழகியவர்கள் ‘எண்’ சேர்ந்ததுமே இதையும் ஓர் அளவாகத்தான் படிப்பார்கள்.

> ‘சங்கிலி நீளம்’ போதாதா?

போதாது. நீளம் என்றால் நானோமீட்டரா என்ற கேள்வி வரும். இது எண்ணிக்கை.

பழுதுபார்க்கத் திறந்த ஒரு பழைய மின்மாற்றியில், சுருளின் மேற்பகுதித் தாள் கரும்பழுப்பாகி, விரல் பட்டதும் உதிர்ந்ததைப் பார்த்தேன். அதுவரை அது மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது! எண்ணெயில் ஊறிய தாளின் மின்தாங்குதிறன் மூப்பால் பெரிதாகக் குறைவதில்லை, இழுவலிமைதான் போய்விடுகிறது. வெளியே எங்காவது குறுக்குச்சுற்று ஏற்பட்டு, அந்த விசையில் சுருள் குலுங்கும்போது நொறுங்கும் தாள் விரிசல் விட்டு, அடுத்தடுத்த சுற்றுகள் தொட்டுக்கொள்கின்றன. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். தாளை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் வடிவமைக்கும்போதே, சாதாரண கிராஃப்ட் தாளுக்குச் சுருளின் மிகச்சூடான இடத்தை 98 டிகிரி செல்சியஸ் என்று கொண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பு வேகம் இரட்டிப்பதாகக் கணக்குப் போடுகிறோம்.

அப்புறம், சோதனை அறிக்கைக்கு இரண்டு சொல் வேண்டும். தாளை வெட்டியெடுத்து, கரைத்து, கரைசலின் பாகுநிலையிலிருந்து பெறுவது ‘அளந்த கண்ணியெண்’. மின்மாற்றியைத் திறக்காமல், தாள் சிதைவதால் உண்டாகி எண்ணெயில் கரைந்திருக்கும் ஃபியூரான் சேர்மங்களை வைத்துக் கணிப்பது ‘மதிப்பிட்ட கண்ணியெண்’. இரண்டையும் வெறுமனே கண்ணியெண் என்று எழுதிவிட்டால், கணிப்பை அளவீடாக நம்பி யாராவது முடிவெடுத்துவிடுவார்கள்.

சங்கிலி அறுபடும் நிகழ்வுக்கு மேலே ‘அறுப்பு’ என்று எழுதியிருக்கிறேன். அது யாரோ அறுப்பதுபோல ஒலிக்கிறது. ‘அறுபாடு’ பொருந்துமா? வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.