மிளகாய்க் கண்டு வாடலுக்கு நுண்ணுயிர்த் தூள் போட்டவர்கள் சொல்லுங்கள்

குச்சவெளித் தோட்டக்காரன்:
இலை பச்சையாக இருக்கும்போதே கண்டு சாய்கிறதா? முதலில் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கிளாஸ் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடியுங்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் பால் நிறத்தில் இழை இழையாக இறங்கும். இதைப் பார்க்காமல் கடைக்குப் போய் "கண்டு வாடுது, மருந்து தாங்கோ" என்று கேட்டால் பூஞ்சண மருந்துதான் கிடைக்கும். அதற்கு இந்த வாடலைக் கொண்டுவரும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா சாகாது, காசுதான் போகும்.

போன மாரிக்கு சூடோமோனாஸ் புளோரசன்ஸ் தூள் போட்டேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுதான்: விதை கிலோவுக்கு 10 கிராம், நிலத்துக்கு எக்டேருக்கு 2.5 கிலோ. நிலத்துக்குப் போடுவதை 50 கிலோ மக்கிய மாட்டெருவில் கலக்க வேண்டும். இந்த நல்ல பாக்டீரியா வேரைச் சுற்றி முதலில் இடம் பிடித்துக்கொள்ளும், மண்ணிலுள்ள இரும்பை நோய்க் கிருமிக்குக் கிடைக்காமல் தன் பக்கம் இழுத்துவிடும், செடியின் எதிர்ப்பையும் தட்டி எழுப்பும். அதனால்தான் நோய் வருமுன் போட வேண்டும். விழுந்த கண்டு இதனால் எழும்பாது. மேட்டுப் பாத்திகள் நன்றாகவே நின்றன. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் தூள் போட்டும் வழமைபோல விழுந்தது.

மூதூர் கறிமிளகாய்:
அண்ணன், எனக்கு வந்தது வாடல் இல்லை, இலைப்புள்ளி. மாரி மழை தெறித்துத் தெறித்து ஒரு கண்டிலிருந்து மற்றதுக்குப் பரவும். விதையோடும் வரும். எல்லாரும் செம்பு மருந்துதான் அடிக்கிறார்கள், ஆனால் இந்தப் புள்ளியைக் கொண்டுவரும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவில் செம்புக்கு அசையாத வகைகள் பல நாடுகளில் வந்துவிட்டன. அமெரிக்காவில் அந்தப் பாக்டீரியாவையே தின்னும் வைரசை, ஃபேஜ் என்பார்கள், தக்காளிக்கும் மிளகாய்க்கும் அடிக்க 2005இலேயே அனுமதித்தார்கள். வெயில் பட்டால் சீக்கிரம் செயலிழந்துவிடும் என்பதால் அந்தியில் அடிப்பார்களாம். நம்ம வெயிலுக்கு அது எவ்வளவு நேரம் தாங்குமோ! நான் பசிலஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நல்ல பாக்டீரியாவை அடித்தேன். புதுத் தளிர் ஓரளவு தப்பியது. புள்ளி விழுந்த இலை விழுந்ததுதான்.

தம்பலகாமத்தான்:
தூள் எல்லாம் சரி தம்பி, அந்தத் தரையில் முன்னுக்கு என்ன நின்றது? கத்தரி, தக்காளி நின்ற இடமென்றால் வாடல் கிருமி மண்ணில் காத்துக்கொண்டிருக்கும். நான் மிளகாய்க்கு முன் ஒரு போகம் நெல் விதைக்கிறேன். தண்ணீர் நின்ற மண்ணில் கிருமி குறைகிறது. சூடோமோனாஸ் அதற்குப் பிறகுதான்.

குச்சவெளித் தோட்டக்காரன்:
எங்கள் மணல் தரையில் நெல்லுக்கு வழியில்லை அண்ணன். சோளம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மூதூர்த் தம்பி, பசிலசையும் செம்பு மருந்தையும் ஒரே டாங்கியில் கலந்தீர்களா? நான் சூடோமோனாசோடு செம்பைக் கலப்பதில்லை, கலந்தால் நல்லதும் செத்துவிடும்.