போனில் படித்தது, கம்ப்யூட்டரில் படித்தது: மும்பைக்காரர்களே, உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தாராவி, டியூஷன் டீச்சர்

சரி, நானே ஆரம்பிக்கிறேன். 90 ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகிற மேல் அறையில் 11 வருஷமாக சாயங்கால டியூஷன் நடத்துகிறேன். ஒரு நேரத்தில் 14 பிள்ளைகள், அதற்கு மேல் கால் நீட்ட இடமில்லை. 2020 மார்ச்சில் ஊரே மூடியபோதுதான் முதன்முதலாகப் போனை வைத்துப் பாடம் நடத்தினேன். 40 நிமிஷத்தில் தானாகவே கட்டாகிற இலவச வீடியோ மீட்டிங் ஒரு வாரம் ஓடியது, அவ்வளவுதான். பாதிக்கு மேல் வீடுகளில் ஒரே போன். அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் அதே நேரத்தில் ஸ்கூல் கிளாஸ் வேறு. யாருக்குக் கொடுப்பது? அதற்கே அந்த வீடுகளில் தினமும் சண்டை.

அப்புறம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜுக்கு மாறினேன். மூன்று நிமிஷம், ஒரே ஒரு விஷயம். போன் கைக்கு வருகிற நேரத்தில், ராத்திரி பத்து மணியானாலும், கேட்டுவிட்டு நோட்டில் எழுதி போட்டோ அனுப்புவார்கள், நான் போட்டோ மேலேயே சிவப்பில் கிறுக்கித் திருப்பி அனுப்புவேன். ஒரு பெண் மட்டும் ஒன்று விடாமல் முழுசாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். என்னம்மா இவ்வளவு அக்கறை என்று கேட்டால், "அப்பா போன்ல இடமே இல்ல டீச்சர், எழுதிட்டு உடனே அழிச்சிடணும், மறுபடி கேக்க முடியாதே" என்றாள். அந்த வருஷத்தில் நான் பார்த்த ஒழுங்கான நோட்டு அவளுடையதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. போன வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சுற்று நடத்தும்போது ஃபெட் (PhET) சிமுலேஷனை, அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கிற மென்பொருளைக் காட்டினேன். தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் கார்ல் வீமன் என்கிற இயற்பியல்காரர் தொடங்கியது, அதற்கு முந்தைய வருஷம்தான் அவருக்கு நோபல் பரிசு. காசு இல்லை, சில சிமுலேஷன்கள் தமிழிலும் இருக்கின்றன, முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாவற்றையும் இழுத்து இழுத்து நாமே இணைக்கலாம். ஒரு பையன் பல்பை விட்டுவிட்டு பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரே ஒயரால் இணைத்தான், திரையில் குபுக்கென்று தீ. அவ்வளவுதான், அன்றைக்கு வகுப்பு போச்சு, 14 பேரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை தீ வைத்தார்கள். நிஜ பேட்டரியில் இதைச் செய்ய விட்டிருப்பேனா?

தீயெல்லாம் அடங்கினபிறகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள்: "கரண்ட் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போகும்னு போன வாரம் சொன்னீங்க, இங்க நீலக் குண்டெல்லாம் எதிர்ப்பக்கம் ஓடுதே?" அந்த நீலக் குண்டு எலக்ட்ரான். எலக்ட்ரானைக் கண்டுபிடித்ததே 1897-ல்தான், அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே எது பிளஸ், எது மைனஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அம்புக்குறியும் அந்தப் பழைய வழக்கப்படியே நின்றுவிட்டது என்று விளக்கினேன். பத்து வருஷமாகக் கரும்பலகையில் அம்பு போட்டிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. கேட்க வழியும் இல்லை, ஏனென்றால் கரும்பலகையில் எதுவும் ஓடாது.

உங்கள் கதை சொல்லுங்கள். நல்லது மட்டும் வேண்டாம், சொதப்பினதும் வேண்டும்.

ஆன்டாப் ஹில், ஸ்டோர் கிளார்க்

அக்கா, நான் கம்ப்யூட்டரை வகுப்பில் படித்தவன் இல்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வாஷியில் ஒரு டிரான்ஸ்போர்ட் குடோனில் லோடு எண்ணுகிற வேலை. எண்ணி நோட்டில் எழுதுவேன், மேலே ஆபீஸில் ஒருத்தர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார், அவருக்கு என்னைவிட ஆறாயிரம் அதிகச் சம்பளம். அந்த ஆறாயிரம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

யூடியூபில் தேடினால் எல்லாம் ஹிந்தி, இங்கிலீஷ், அதுவும் ரயில் வேகத்தில். அறைத்தோழன் ஒருத்தன்தான் ஸ்போக்கன் டுடோரியல் என்று சொன்னான். நம்ம பவாய் ஐ.ஐ.டி.யிலிருந்து வருவது, பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் ஆரம்பித்த திட்டம். ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய பத்து நிமிஷம். லிபர் ஆபீஸ் (எக்செல், வேர்டு மாதிரி வேலைக்கு இலவச மென்பொருள்), லினக்ஸ், பைத்தான் என்று நிறைய இருக்கிறது, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. குரல் தமிழ், ஆனால் திரையில் மெனு எல்லாம் இங்கிலீஷ். இதில் என்ன பெரிய தமிழ் என்று மூடி வைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அவர்கள் வேண்டுமென்றே திரையை அப்படி விட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஆபீஸில் உட்காரும்போது அங்கே மெனு தமிழிலா இருக்கப்போகிறது? அந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கே இருக்கிறது, அதைத் தட்டினால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் சொல்லிவிடுகிறார்கள், போதும்.

அவர்கள் சொல்கிற முறை ஒன்று இருக்கிறது: திரையை இரண்டாகப் பிரித்துக்கொள், ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் மென்பொருள். கொஞ்சம் பார், நிறுத்து, அதையே நீ செய், சரியாக வந்தால் மேலே போ. நான் முதல் வாரம் இதைச் செய்யவில்லை. ஜிடிபி நகரில் ஏறி வாஷி போகும்வரை லோக்கலில் நின்றுகொண்டே போனில் பார்ப்பேன். பதினைந்து பாடம் பார்த்தாச்சு, எல்லாம் புரிந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனின் பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் ஒரு பட்டியலைக்கூட வரிசைப்படுத்தத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், பத்து நிமிஷப் பாடம் எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். எந்த நிமிஷம் எந்த நொடியில் சந்தேகமோ அதைக் குறிப்பிட்டே கேள்வி கேட்க அவர்கள் தளத்தில் இடம் இருக்கிறது, எனக்கு இரண்டு தடவை பதில் வந்தது.

நாலு மாசம் கழித்து மேலே இருந்தவர் லீவு போட்டபோது நான்தான் லோடு ஷீட் போட்டேன். குடோனில் இருப்பது லிபர் ஆபீஸ் இல்லை, எக்செல். பட்டன் இடம் மாறியிருந்தது, ஒரு மணி நேரம் வேர்த்துக் கொட்டியது, ஆனால் முடித்தேன். ஆறாயிரம் இன்னும் வரவில்லை. மூவாயிரம் வந்திருக்கிறது.

செம்பூர், நர்ஸ்

சொதப்பினதும் வேண்டும் என்றீர்களே டீச்சர், இந்தாங்க.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு நர்ஸ், பெயர் வேண்டாம். எங்களுக்கு வருஷா வருஷம் கட்டாயப் பயிற்சி உண்டு, முன்பு ஹாலில் உட்கார வைத்து நடத்துவார்கள், பிறகு ஆன்லைனுக்கு மாற்றினார்கள். 45 நிமிஷம் ஸ்லைடு, கடைசியில் பத்து கேள்வி. நைட் டியூட்டி முடிந்து வருகிறவள் என்ன செய்வாள்? அடுத்து, அடுத்து, அடுத்து என்று தட்டிவிட்டு கேள்விக்குப் போவாள். முதல் நாள் எழுதினவள் விடைகளை க்ரூப்பில் போட்டுவிடுவாள், "1 ஆ, 2 ஈ, 3 அ". அந்த வருஷம் கை கழுவுவதில் எங்கள் வார்டுக்கு நூற்றுக்கு நூறு! பாராட்டு மெயில்கூட வந்தது.

அடுத்த மாதம் தொற்றுக் கட்டுப்பாடு பார்க்கிற சிஸ்டர் ஒரு லோஷனும் ஊதா விளக்கும் கொண்டு வந்தார். லோஷனைக் கையில் தடவி, வழக்கம்போலக் கழுவிவிட்டு விளக்குக்குக் கீழே காட்ட வேண்டும். கழுவாமல் விட்ட இடமெல்லாம் பளீரென்று ஒளிரும். என் கட்டைவிரல் அடி, நகக்கண், மோதிரத்துக்குக் கீழே, மூன்றும் தீபாவளி மாதிரி. 17 வருஷ சர்வீஸ் எனக்கு. சிஸ்டர் எல்லோர் கையையும் போனில் போட்டோ எடுத்து, பெயர் போடாமல், அதே க்ரூப்பில் போட்டார். விடை போட்ட அதே க்ரூப்.

சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடி, ஸானிடைஸர் என்றால் 20 முதல் 30 நொடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கட்டைவிரலுக்குத் தெரியவில்லையே!

பிறகு நாங்களே ஒரு நிமிஷ வீடியோ எடுத்தோம். எங்கள் வார்டு சிங்க், எங்கள் கை, பேச்சு மராத்தியில் ஒன்று, தமிழில் ஒன்று, ஏனென்றால் ஆயாக்களில் பாதிப் பேர் தாராவி, சயான் பக்கம். அதற்கு க்யூஆர் கோடு ஸ்டிக்கர் அடித்து சிங்குக்கு மேலேயே ஒட்டினோம். யார் யோசனை என்று கேட்காதீர்கள், என் யோசனைதான். ஈரக்கையோடு யார் போனை எடுப்பார்கள்? போன் லாக்கரில் வேறு. ஒரு மாதத்தில் ஒருத்தர்கூட ஸ்கேன் செய்யவில்லை. ஸ்டிக்கரை டீ குடிக்கிற மேஜைக்கு மாற்றினோம், அங்கே பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என் வீடியோவில் என் மூக்கைப் பற்றிக் கமென்ட் அடிக்கிறார்கள். பரவாயில்லை.

மாட்டுங்கா, ஓய்வு பெற்றவர்

என் பேத்திக்குப் பேச்சுப்போட்டி. நட்பைப் பற்றி ஒரு குறள் வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவு செயலியிடம் கேட்டிருக்கிறாள். பொருள், எண் எல்லாவற்றோடும் அழகாகக் கொடுத்தது. எனக்குப் படித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காதில் ஏதோ இடறியது. விரல் விட்டு எண்ணச் சொன்னேன். முதல் அடியில் ஐந்து சீர், இரண்டாவதில் நான்கு. நாலும் மூன்றும் ஏழு இருந்தால்தானே அம்மா குறள் என்றேன். அது கொடுத்த எண்ணை எடுத்துப் புத்தகத்தில் பார்த்தாள், அங்கே வேறு குறள் இருந்தது. 1330-லும் இது கிடையாது, தானே கட்டிவிட்டிருக்கிறது. அவளுக்கு ஒரே குஷி. இப்போது தினமும் அதனிடம் ஒரு குறள் கேட்டு வாங்கி, சீர் எண்ணி, மாட்டிவிடுவதுதான் விளையாட்டு. யாப்பைச் சொல்லிக்கொடுக்க நான் இரண்டு வருஷமாகப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தேன்.

முலுண்ட், ஒரு அம்மா

என் மகன் கணக்கை போட்டோ எடுத்தால் படிப்படியாக விடை தருகிற ஆப் வைத்திருக்கிறான். ஹோம்வொர்க் ஐந்து நிமிஷத்தில் முடிகிறது, டெஸ்டில் 11 மார்க். பிடுங்கி வைக்கலாமா வேண்டாமா?

தாராவி, டியூஷன் டீச்சர்

முலுண்ட் அம்மாவுக்கு: பிடுங்காதீங்க, அடுத்த வீட்டுப் பையன் போனில் பார்ப்பான். என்னிடமும் இரண்டு பேர் அப்படி இருந்தார்கள். ஆப் கொடுத்த விடையில் ஒரு வரியை நான் வேண்டுமென்றே தப்பாக்கி நோட்டில் எழுதிக் கொடுப்பேன், எந்த வரி என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்தன் தேறிவிட்டான். இன்னொருத்தன் என் தப்பையும் போட்டோ எடுத்து ஆப்பிடமே கேட்டான்.

மாட்டுங்கா ஐயா, இந்தச் சீர் எண்ணுகிற விளையாட்டை நாளைக்கே என் பிள்ளைகளிடம் எடுத்துக்கொண்டு போகிறேன்.

சிஸ்டர், அந்த ஊதா விளக்கு எங்கே கிடைக்கும்? பிள்ளைகள் வடாபாவ் சாப்பிட்ட கையோடுதான் ஏணி ஏறி வருகிறார்கள்.

ஆன்டாப் ஹில் தம்பி, லேப்டாப் இல்லாத பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் என்னிடம் இருக்கிறார்கள். என் அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, நெட் கிடையாது. அந்தப் பாடங்களைப் பென்டிரைவில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவர முடியுமா? முதல் பாடத்தை நீங்களே நடத்திவிட்டுப் போங்கள். லோக்கலில் பார்த்து ஏமாந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏணியில் மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறுங்கள்.