இரண்டு பெரிய பட்டியல்களை இணைக்கும் நிரல் முடியவே இல்லை: உதவி தேவை

கேட்டவர்: வணக்கம். என்னிடம் இரண்டு பட்டியல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4 லட்சம் சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து, திரும்ப வருபவற்றை நீக்க வேண்டும். சிறிய பட்டியல்களுக்கு உடனே முடிந்த நிரல், இப்போது ஒரு மணி நேரமாகியும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை ஒப்படைக்க வேண்டியிருப்பதால் விரைந்து உதவுங்கள்.

மறுமொழி 1: எந்த மொழியில் எழுதியிருக்கிறீர்கள்? சுழற்சிக்குள் என்ன செய்கிறீர்கள்?

மறுமொழி 2: சொற்கள் வந்த வரிசை மாறலாமா, கூடாதா என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்: பைத்தான். சொல் விடைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று 'இன்' (in) என்ற கட்டளைச் சொல் மூலம் பார்த்து, இல்லையென்றால் சேர்க்கிறேன். வந்த வரிசை மாறக் கூடாது.

மறுமொழி 3: தரவுக் கட்டமைப்பின் முதல் பாடத்தைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். பட்டியலில் 'இன்' தலையிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்துக்கொண்டே போகும் என்பதால், இரண்டாம் பட்டியலின் சொற்கள் அனைத்தும் புதியவையாக இருந்தால், முதல் பட்டியலோடு மட்டுமே 16,000 கோடி ஒப்பீடுகள் நடக்கும். அகரவரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்த சொற்களை ஒப்பிடுவதுதான் முறை.

மறுமொழி 2: வந்த வரிசை மாறக் கூடாது என்று அவர் சொன்ன பிறகும் அகரவரிசையை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்? இரு பட்டியல்களையும் ஒட்டி, சொற்களை டிக்‌ஷனரியின் சாவிகளாக்கி (டிக்‌ஷனரி என்பது சாவி, மதிப்பு என்ற இணைகளை வைக்கும் பைத்தான் அமைப்பு, அதில் ஒரு சாவி ஒரு முறைதான் இருக்கும்), மீண்டும் பட்டியலாக மாற்றினால் போதும். ஹாஷ் மூலம், அதாவது சொல்லிலிருந்தே கணக்கிட்ட எண்ணைக் கொண்டு இடத்தை அறிந்து தேடுவதால், ஒரு சொல்லைக் காண ஆகும் நேரம் பட்டியலின் நீளத்தோடு பொதுவாக வளராது. 2018-இல் வந்த பைத்தான் 3.7 முதல், சேர்த்த வரிசை காக்கப்படும் என்பது மொழியின் விதியாகவே உள்ளது.

மறுமொழி 3: ஹாஷ் அட்டவணை நினைவகத்தை நிறையக் கேட்கும். நினைவகத்தில் அடங்காத கோப்புகளைத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, பிறகு ஒன்றாக இணைப்பதே நிலைத்த வழி.

மறுமொழி 4: அது உண்மைதான், ஆனால் 8 லட்சம் சொற்கள் எந்த மடிக்கணினியிலும் எளிதாக அடங்கும். நீங்கள் சொல்வது வேறொருவரின் சிக்கலுக்கான தீர்வு.

மறுமொழி 3: இன்று 8 லட்சமாக இருப்பது பின்னாளில் 80 கோடியாகலாம், அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கேட்டவர்: டிக்‌ஷனரியில் ஒரு நொடிக்குள் முடிந்துவிட்டது! ஆனால் 'கொடி' இன்னும் இரண்டு முறை வருகிறது. இடைவெளி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

மறுமொழி 1: இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோடு முறையில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அவ்விரண்டும் கணினிக்கு வெவ்வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். இணைப்பதற்கு முன் எல்லாச் சொற்களையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்: நீளம் 4, 5 என்று வந்தது. மாற்றியதும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி.