சம்பளம் வாங்காமல் நிரல் எழுதியவர்களே, கடைசியில் கைக்கு என்ன வந்தது?

கோத்தகிரிக்காரன்

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021இல் பெங்களூரு அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதால் ஊருக்குத் திரும்பியிருந்தேன். கொள்முதல் நிலையத்தில் பச்சைத் தேயிலையை எடைபோட்டுக் கணக்கு வைக்க ஒரு செயலி செய்யலாம் என்றான் கல்லூரித் தோழன் ஒருவன். எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. எடைச் சண்டை பார்த்து வளர்ந்தவன் நான். ஆசையாகச் சேர்ந்தேன். "இப்போது சம்பளம் தர முடியாதுடா, கம்பெனியில் ஐந்து சதவீதம் உனக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. எந்தக் கம்பெனி? அப்போது அது பதிவே ஆகவில்லை.

பதினான்கு மாதம், பகலில் அலுவலக வேலை, இரவில் இது. பிறகு கம்பெனி பதிவானது, இரண்டு பெயர்களில். என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நீ ஊழியர் இல்லையே, உனக்கு எப்படிப் பங்கு தருவது?" என்றான். எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னதில் பாதி உண்மை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 54ஆம் பிரிவில் வரும் வியர்வைப் பங்கு, அதாவது உழைப்புக்கு ஈடாகத் தரும் பங்கு, இயக்குநர்களுக்கும் ஊழியர்களுக்கும்தான். சம்பளமே தராமல் வைத்திருந்துவிட்டு ஊழியர் இல்லை என்பது நல்ல சாமர்த்தியம்!

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "ஃபேக்டரிக்கு இலை போட்டாலும் பணம் பிறகுதான் வருகிறது. ஆனால் எடைச் சீட்டு கையில் இருக்கும். உன் சீட்டு எங்கே?"

பண்ணைக்காடு காப்பி

தம்பி, நான் எதிர்த்தரப்பு. கொடைக்கானல் விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்தபோது இரண்டு பிள்ளைகளைச் சம்பளமின்றிச் சேர்த்தேன். மணிக்கு 400 ரூபாய் என்று பேசி, செய்த மணிநேரத்தை வாராவாரம் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் வாடிக்கையாளர் பணம் வந்ததும் நியமனக் கடிதமும் சிறு சம்பளமும் கொடுத்தேன். பங்குத் திட்டம் அதற்குப் பிறகுதான்: நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேரும், முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் சேராது. அந்த ஓராண்டுக்கு 'கிளிஃப்', அதாவது செங்குத்துப் பாறை, என்று பெயர். பள்ளத்தாக்கின் விளிம்பில் குடியிருக்கும் எங்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு பையன் அதற்குப் பிறகு எட்டாவது மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டான். விதிப்படி அவனுக்குப் பங்கு பூஜ்யம். தாளில் இருந்த மணிநேரக் கணக்கு மட்டும் கடனாக நின்றது. அதை மூன்று தவணையில் அடைத்தேன். அந்தத் தாள் இல்லாவிட்டால் கொடுத்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

ஊட்டி மழை

எனக்குப் பங்கு கிடைத்தது. பங்கு கைக்கு வந்த ஆண்டிலேயே அதன் மதிப்பைச் சம்பள வருமானமாகக் கணக்கிட்டு வரியும் வந்தது. விற்க ஆள் இல்லாத பங்குக்குக் கையிலிருந்து வரி கட்டினேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

குன்னூர் தண்டவாளம்

கோத்தகிரி நண்பரே, ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? போடவில்லை என்றால் பயப்பட வேண்டியது அவர்தான். எனக்கும் இதே கதை. வழக்கறிஞர் அக்கா பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 1957ஆம் ஆண்டுச் சட்டம். கணினி நிரலும் அதில் அடக்கம். 17ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. அப்படி இல்லையென்றால் பொதுவாக எழுதியவருக்கே. மாற்றித் தருவதானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

இரண்டு ஆண்டு என் அழைப்பை எடுக்காத கம்பெனிக்காரர், முதலீட்டாளர் அந்த உரிமை மாற்றப் பத்திரத்தைக் கேட்டதும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தார். வர்க்கி, தேநீர் எல்லாம் ஆயிற்று. பங்கு வேண்டாம், ஒரே தொகை போதும் என்று பேசி முடித்தோம். பத்திரத்தில் கால அளவை எழுதாவிட்டால் உரிமையை 5 ஆண்டுக்கு மட்டும் தந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவருடைய வழக்கறிஞர் அதை மறக்கவில்லை.

கோத்தகிரிக்காரன்

கையெழுத்து எதுவும் போடவில்லை அண்ணா. அவன்தான் ஊழியர் இல்லை என்று எழுத்திலேயே அனுப்பியிருக்கிறான். அந்தச் செய்தியை இப்போதுதான் தேடி எடுத்து அச்சிட்டேன். அந்த அக்காவைப் பார்க்க நாளைக் காலை முதல் பஸ்ஸில் குன்னூர் வருகிறேன்.